பதினான்கு மாடுகளும் ஒரு நோட்டும்

பெரியவருக்கு வயது 72. ஆந்திரப் பிரதேசத்தில், நெல்லூர் மாவட்டத்தின் வடகோடியில் அவருடைய கிராமம் இருக்கிறது. அவரைப் போன்றவர்கள் அந்தப் பக்கத்து ஊர்களில் இன்னும் சிலர் இருக்கிறார்கள். அவர்கள் எல்லோருக்கும் பொதுவாக இந்த ஒருவரை வைத்துக்கொள்வோம். பெயர் வேண்டாம். பெரியவர் என்றே சொல்வோம்.

பெரியவர் 50 வருடங்களாக மாடு வளர்க்கிறார். அவர் பால் வியாபாரி அல்ல. சந்தையில் வாங்கிச் சந்தையில் விற்பவரும் அல்ல. அவர் வளர்ப்பது ஓங்கோல் மாடு. வெள்ளை வெளேர் என்று இருக்கும். காளைக்குக் கழுத்திலும் திமிலிலும் சாம்பல் நிறம் ஓடியிருக்கும். கொம்பு குட்டை. திமில் பெரியது. அலைதாடி மடிப்பு மடிப்பாகத் தொங்கும். கண்ணைச் சுற்றி மை தீட்டியது போலக் கறுப்பாக இருக்கும்.

நல்ல பசுவுக்கு நல்ல காளையைச் சேர்ப்பார். பிறக்கும் கன்றுகளில் நல்லதை வீட்டில் நிறுத்துவார். மற்றதை உழவுக்கு விற்பார். நிறுத்திய கன்று வளர்ந்ததும் அதற்கு இன்னொரு நல்ல காளையைத் தேடுவார். இப்படியே 50 வருடம். இந்தத் தொழிலுக்கு இனவிருத்தி என்று பெயர்.

ஒரு நாள் காலையில் காளையைத் தண்ணீர்த் தொட்டிக்கு ஓட்டிப் போனார். காளை தலையைத் திருப்பியது. கோபத்தில் அல்ல. ஈயை விரட்டத்தான் திருப்பியது. ஆனால் ஓங்கோல் காளையின் எடை 500 கிலோவுக்கு மேல் இருக்கும். பெரியவர் சுவரில் மோதிக் கீழே விழுந்தார். எலும்பு முறியவில்லை. முழங்கால் வீங்கிவிட்டது. பத்து நாள் கட்டிலில் கிடந்தார்.

அந்தப் பத்து நாளும் தொழுவத்தைப் பார்த்தவர் பாட்டி. அவருக்கு வயது 66. மொத்தம் 14 உருப்படிகள். 7 பசுக்கள், ஒரு பொலிகாளை, ஒரு இளங்காளை, 2 கிடேரிகள், 3 கன்றுகள்.

பதினோராம் நாள் பெரியவர் சொன்னார்: "போதும். விட்டுவிடலாம்."

பாட்டி பதில் சொல்லவில்லை. சாணி அள்ளிய கூடையை வெளியே கொண்டுபோய்க் கொட்டிவிட்டு வந்தார். பிறகு கேட்டார்: "விட்டுவிடலாம், சரி. எங்கே விடுவது?"

கேள்வி அதுதான்.

தரகர் வந்தார்

செய்தி பரவியது. இரண்டே நாளில் தரகர் வந்துவிட்டார். தொழுவத்தைச் சுற்றிப் பார்த்தார். பெரியவரின் கையைத் துண்டுக்குள் பிடித்து விரலால் விலை சொன்னார். 14 உருப்படிக்கும் சேர்த்து ஒரே விலை. மறுநாளே லாரி கொண்டுவருவதாகச் சொன்னார்.

மகன் ஐதராபாத்தில் வேலை பார்க்கிறார். தொலைபேசியில் பேசினார். "நாயனா, நல்ல விலை. கொடுத்துவிட்டு இரண்டு பேரும் இங்கே வந்துவிடுங்கள். இனியும் எதற்கு இந்தப் பாடு?" என்றார்.

மகன் சொன்னதில் தவறு ஒன்றும் இல்லை. இனிமேல் மாடு பிடித்தால் என்ன ஆகும் என்பதை முழங்காலே காட்டிவிட்டது. பணமும் தேவைதான். ஆனால் தரகர் சொன்ன விலையைப் பாருங்கள். நல்ல பசுவுக்கும் சுமாரான பசுவுக்கும் அவர் கணக்கில் வித்தியாசம் இல்லை. எல்லாம் வெள்ளை மாடு. இந்த 14 உருப்படியும் நான்கு சந்தைக்குப் போகும். ஒன்று தெலங்கானாவுக்குப் போகும். ஒன்று கர்நாடகத்துக்குப் போகும். வாங்கியவருக்கு அதன் தாய் யார், தகப்பன் யார் என்று தெரியாது. அடுத்த வருடம் எந்தக் காளை கிடைக்கிறதோ அதற்குச் சேர்ப்பார். 50 வருடத் தேர்வு ஒரே வாரத்தில் கலைந்து போகும்.

பெரியவர் தரகரிடம் யோசித்துச் சொல்கிறேன் என்றார்.

டாக்டர் கேட்ட கேள்வி

தொழுவத்தில் நின்ற இளங்காளை மிக நல்ல காளை. வயது ஒன்றரை. மல்லி என்ற பசுவின் கன்று. அதையாவது அரசு பொலிகாளையாக எடுத்துக்கொள்ளட்டும் என்று பெரியவர் நினைத்தார். ஊருக்கு வரும் மாட்டு டாக்டரிடம் சொன்னார்.

டாக்டர் காளையைச் சுற்றி வந்து பார்த்தார். முகம் மலர்ந்தது. பிறகு கேட்டார்: "அய்யா, இதன் தாய் ஒரு ஈத்தில் எத்தனை லிட்டர் கறந்தது?"

"நிறையக் கறக்கும். காலையில் அந்தப் பெரிய செம்பு நிறையும்."

"எழுதி வைத்திருக்கிறீர்களா?"

"இல்லை."

"இதன் தகப்பன் எது? அதன் தாய் எது?"

பெரியவர் சொன்னார். மூன்று தலைமுறை வரை தடுமாறாமல் சொன்னார். டாக்டர் கேட்டுக்கொண்டார். "நீங்கள் சொல்வதை நான் நம்புகிறேன். ஆனால் பொலிகாளை நிலையத்தில் வாயால் சொன்னால் எடுக்கமாட்டார்கள். தாயின் பால் கணக்கு வேண்டும். நோய்ப் பரிசோதனை வேண்டும்" என்றார்.

டாக்டர் இப்படிச் சொன்னது ஏன்? காளை பால் தராது. ஆனால் அதற்குப் பிறக்கும் பெண் கன்று எவ்வளவு பால் தரும் என்பதில் பாதி காளையின் கையில் இருக்கிறது. கன்றின் குணங்களில் பாதி தாயிடமிருந்து வருகிறது. பாதி தகப்பனிடமிருந்து வருகிறது. ஒரு பசு தன் வாழ்நாளில் எட்டு, பத்துக் கன்றுகள் போடும். ஒரு காளைக்கோ நூற்றுக்கணக்கில் கன்றுகள் பிறக்கலாம். சினை ஊசி என்று சொல்கிறோமே, அதற்குக் காளையின் விந்தை எடுத்து, திரவ நைட்ரஜனில், பூஜ்யத்துக்குக் கீழே 196 டிகிரி குளிரில் உறைய வைக்கிறார்கள். அப்படி வைத்தால் பல வருடங்கள் கெடாது. காளை செத்த பிறகும் அதற்குக் கன்று பிறக்கும். ஆயிரக்கணக்கில் பிறக்கும். மோசமான காளை ஒன்று உள்ளே போய்விட்டால் ஆயிரம் வீடுகளில் நஷ்டம். அதனால்தான் தாயின் கணக்கைக் கேட்கிறார்கள்.

பெரியவருக்கு அன்று இரவு தூக்கம் வரவில்லை. 50 வருட உழைப்பு அவருடைய தலைக்குள் இருந்தது. தலைக்கு வெளியே ஒரு வரி கூட இல்லை.

கடல் தாண்டிப் போன மாடு

இங்கே ஒரு பழைய கதையைச் சொல்ல வேண்டும். இது நடந்த கதை.

குண்டலகம்மா ஆற்றை ஒட்டிய பகுதிதான் ஓங்கோல் மாட்டின் தாய்நிலம். இன்றைய பிரகாசம் மாவட்டமும் அதைச் சுற்றிய குண்டூர், நெல்லூர் பகுதிகளும் இதில் சேரும். முன்பு அங்கே ஒரு வழக்கம் இருந்தது. வீட்டில் பெரியவர் ஒருவர் இறந்தால் அவர் நினைவாக ஒரு காளைக் கன்றைக் கோயிலுக்கு விடுவார்கள். ஏதோ ஒரு கன்றை விட முடியாது. ஊர்ப் பெரியவர்கள் பார்த்துச் சரி என்று சொல்ல வேண்டும். அது சூடு போட்ட காளை. யார் வயலிலும் மேயலாம். யாரும் அடிக்கமாட்டார்கள். தெலுங்கில் ஆம்போத்து என்பார்கள். ஊர்ப் பசுக்களுக்கு எல்லாம் அதுதான் பொலிகாளை. நம் கோயில் காளை போலத்தான். பக்தி ஒரு பக்கம் இருக்கட்டும். ஊரே கூடி நல்ல காளையைத் தேர்ந்தெடுத்த முறை அது.

அப்படி உருவான மாட்டைத் தேடி வெளிநாட்டுக்காரர்கள் வந்தார்கள். 1868-இல் ஒரு கப்பலில் வந்த இரண்டு ஓங்கோல் மாடுகள் பிரேசில் நாட்டின் சால்வடார் துறைமுகத்தில் இறங்கியதாக அந்த நாட்டு மாட்டு வரலாற்றில் சொல்கிறார்கள். அதன் பிறகும் பல தடவை வாங்கிப் போனார்கள். கடைசியாக 1960-களின் தொடக்கத்தில் ஒரு பெரிய தொகுதி போயிற்று. அதில் ஒரு காளையின் பெயர் கர்வாடி. ஓங்கோலுக்குப் பக்கத்தில் கரவதி என்று ஓர் ஊர் இருக்கிறது. அந்த ஊரின் பெயர்தான் அது. அந்தக் காளையின் வம்சம் பிரேசிலில் இன்றும் பேர் பெற்றது.

அங்கே இந்த இனத்துக்கு 'நெலோர்' என்று பெயர். நெல்லூர்தான் அப்படி ஆயிற்று. பிரேசிலில் 20 கோடிக்கு மேல் மாடுகள் இருக்கின்றன. அவற்றில் பெரும்பகுதி நெலோர் இனம் அல்லது அதன் கலப்பு. அவர்கள் அதை இறைச்சிக்காக வளர்க்கிறார்கள். நாம் உழவுக்கும் வண்டிக்கும் பாலுக்கும் வளர்த்தோம். 2023-இல் அங்கே வியாட்டினா-19 என்ற நெலோர் பசுவின் மூன்றில் ஒரு பங்கு உரிமையை ஏலம் விட்டார்கள். அந்த விலைப்படி கணக்குப் போட்டால் முழுப் பசுவின் மதிப்பு 40 லட்சம் டாலருக்கு மேல். உலகிலேயே விலை கூடிய பசு என்று கின்னஸ் புத்தகத்தில் பதிந்தார்கள்.

ஒரு பசுவுக்கு ஏன் இவ்வளவு விலை? வெள்ளைத் தோலுக்காகவா? அந்தப் பசுவின் தாய், தகப்பன், பாட்டன், பூட்டன் எல்லாம் ஏட்டில் இருக்கிறது. எந்தக் காளைக்குச் சேர்த்தால் எப்படிக் கன்று வரும் என்று ஓரளவு சொல்ல முடிகிறது. வாங்குபவர் அதற்குத்தான் பணம் கொடுக்கிறார். மாடு நம்முடையது. ஏடு எழுதியவர்கள் அவர்கள்.

நம் நாட்டில் யாரும் எழுதவே இல்லை என்று சொல்ல முடியாது. மந்தைப் பதிவு என்று மத்திய அரசு ஒரு திட்டம் நடத்தியது. கிர், காங்கிரேஜ், அரியானா, ஓங்கோல் ஆகிய மாடுகளை அதில் பதிந்தார்கள். ஓங்கோலிலும் அதற்கு ஓர் அலுவலகம் இருந்தது. குண்டூர் அருகே லாம் பண்ணையிலும், பிரகாசம் மாவட்டத்துச் சதலவாடாவிலும், நெல்லூர் மாவட்டத்துச் சிந்தலதேவியிலும் இந்த மாட்டுக்காகப் பண்ணைகள் வைத்தார்கள். ஆனால் பண்ணைக்குள் இருக்கும் மாடு கொஞ்சம். வீட்டுத் தொழுவத்தில் இருக்கும் மாடுதான் அதிகம். அந்த வீடுகளில் நோட்டு இல்லை.

வீடுகளிலும் மாடு குறைந்துகொண்டே வருகிறது. டிராக்டர் வந்ததும் உழவு மாட்டுக்கு வேலை போயிற்று. மேய்ச்சல் நிலம் வயலாயிற்று, கடலோரம் இறால் குட்டையாயிற்று. பாலுக்கு என்றால் கலப்பின மாடோ எருமையோ அதிகம் கறக்கிறது. 2019 கால்நடைக் கணக்கெடுப்பின்படி நாட்டில் மொத்தம் 19 கோடியே 25 லட்சம் மாடுகள். 2012-ஐவிடக் கலப்பின மாடுகள் கூடின. நாட்டு மாடுகள் நூற்றுக்கு 6 வீதம் குறைந்தன. சங்கராந்திக்குக் கல் இழுக்கும் போட்டி நடக்கிறது. அதனால் வலுவான ஓங்கோல் எருதுக்கு இன்னும் நல்ல விலை இருக்கிறது. பசுவுக்கு அந்த மதிப்பு இல்லை. எருதைப் பெற்றவள் பசுதான். இதை யாரிடம் போய்ச் சொல்வது?

ஐந்து வருடக் கணக்கு

மாடு வளர்ப்பவர் எப்போது ஓய்வு பெற வேண்டும்? அரசு வேலையில் வயது சொல்லிவிடுகிறார்கள். தொழுவத்தில் யாரும் சொல்வதில்லை. ஆனால் மாடே ஒரு கணக்குச் சொல்கிறது.

இன்று பசுவைக் காளைக்குச் சேர்த்தால் கன்று பிறக்க ஒன்பது மாதமும் பத்து நாளும் ஆகும். பிறந்தது கிடேரி என்றால் அது முதல் ஈத்து ஈனச் சுமார் நான்கு வருடம் ஆகும். ஆக, இன்று எடுத்த முடிவு நல்லதா கெட்டதா என்று தெரிய ஐந்து வருடம் வேண்டும். 72 வயதுக்காரர் இன்று பசுவைச் சேர்த்தால், பலனைப் பார்க்கும்போது அவருக்கு 77. அப்போது அந்தக் கிடேரியைக் கறக்க யார் இருப்பார்? இந்தக் கேள்விக்குப் பதில் இல்லை என்றால் புதிதாகச் சேர்ப்பதை நிறுத்த வேண்டிய நேரம் வந்துவிட்டது என்று பொருள்.

உண்மையில் பெரியவர் இதை ஐந்து வருடத்துக்கு முன்பே யோசித்திருக்க வேண்டும். அவரும் இதை ஒப்புக்கொண்டார். முழங்காலில் அடிபட்ட பிறகுதான் யோசித்தார். நம்மில் பெரும்பாலோர் அப்படித்தான்.

தரகரை வேண்டாம் என்று சொல்லி அனுப்பினார்கள். ஒரு வருடம் தள்ளிப்போடுவது என்று முடிவு செய்தார்கள். தொழுவ வேலைக்குப் பக்கத்து வீட்டு இளைஞனைக் கூலிக்கு வைத்தார்கள். கூலியை மகன் அனுப்பினார். சும்மா சொல்லக்கூடாது, கொஞ்சம் முணுமுணுத்துக்கொண்டேதான் அனுப்பினார்.

நோட்டு எழுதியது யார்?

பெரியவருக்கு எழுத வராது. கையெழுத்து மட்டும் போடுவார். பாட்டிக்கு எழுத வரும். 1990-களின் தொடக்கத்தில் நெல்லூர் மாவட்டத்தில் பெரிய எழுத்தறிவு இயக்கம் நடந்தது. மாலையில் பெண்கள் கூடிப் படித்தார்கள். அப்படிப் படித்த துபகுண்டா கிராமத்துப் பெண்கள்தான் 1992-இல் சாராயக் கடைக்கு எதிராக எழுந்தார்கள். மாநிலம் முழுவதும் அது பரவியது. நம் பாட்டியும் அந்தக் காலத்தில் எழுத்துக் கூட்டக் கற்றவர். பிறகு கணக்கு எழுத, கடிதம் எழுத என்று அதை விடாமல் வைத்திருந்தார்.

பேரன் ஒரு நோட்டு வாங்கி வந்தான். ஒரு மாட்டுக்கு இரண்டு பக்கம். முதலில் பெயர். அடுத்து, காதில் மஞ்சள் தோடு போட்டிருக்கிறார்களே, அதில் இருக்கும் 12 இலக்க எண். மாட்டுக்கு இரண்டு பெயர் இருக்கலாம். இந்த எண் ஒன்றுதான். அதனால் ஒவ்வொரு இலக்கமாகச் சரிபார்த்து எழுத வேண்டும். பிறகு பிறந்த நாள், தாய், தகப்பன், தாயின் தாய்.

பிறந்த நாளில் தகராறு வந்தது.

"மல்லி பிறந்தது எந்த வருடம்?" என்று பாட்டி கேட்டார்.

"வெள்ளம் வந்த வருடம்."

"இல்லீங்க. வெள்ளம் வந்தபோது அவள் கன்று. நான்தான் தூக்கித் திண்ணையில் கட்டினேன். அதற்கு முந்தின ஆடியில் பிறந்தவள்."

வெள்ளம் வந்தது 2015 நவம்பரில். ஆக மல்லி பிறந்தது 2015 ஆடி. இன்னொரு பசு சின்ன மகள் கல்யாணத்துக்கு முந்தின வாரம் பிறந்தது. டிரங்குப் பெட்டியில் கல்யாணப் பத்திரிகையைத் தேடி எடுத்து நாளைப் பார்த்தார்கள். உங்கள் வீட்டிலும் இப்படிச் செய்யலாம். புயல், வெள்ளம், கல்யாணம், தேர்தல் எல்லாவற்றுக்கும் தேதி உண்டு. நினைவைத் தேதியோடு கட்டிவிடலாம். அதுவும் முடியாவிட்டால் இளம் மாட்டுக்குப் பல்லைப் பார்க்கலாம். மாட்டுக்குக் கீழ்த்தாடையில் முன்பற்கள் எட்டு. மேலே முன்பல் கிடையாது. பால் பல் விழுந்து இரண்டு பல் முளைத்தால் வயது இரண்டுக்கு மேல். எட்டும் முளைத்தால் ஐந்து வயதை ஒட்டி இருக்கும். அதன் பிறகு பல் தேய்வதை வைத்துக் குத்துமதிப்பாகத்தான் சொல்ல முடியும்.

எழுத எழுத ஒரு விஷயம் தெரிந்தது. பெரியவருக்குக் காளைகள் எல்லாம் நினைவில் இருந்தன. எந்த ஊர்க் காளை, யார் வீட்டுக் காளை, எந்த வருடம் ஓட்டிப்போய்ச் சேர்த்தார் என்று சொன்னார். பாட்டிக்குப் பசுக்கள் நினைவில் இருந்தன. எது எத்தனை ஈத்து ஈன்றது, எதற்கு நஞ்சு விழத் தாமதம் ஆயிற்று, எது கன்றுக்குக் கொடுக்காமல் உதைத்தது என்று சொன்னார். ஒருவர் மட்டும் சொல்லியிருந்தால் பாதி நோட்டுதான் நிறைந்திருக்கும்.

தாய் வழியாகப் பின்னோக்கிப் போனார்கள். மல்லியின் தாய் கங்க. கங்கவின் தாய் ஒன்று. அதன் தாய் ஒன்று. கடைசியில் ஒரே பசுவில் போய் நின்றது. 1977 நவம்பரில் ஆந்திரக் கடற்கரையைப் பெரும் புயல் தாக்கியது. அதற்கு அடுத்த வருடம் இவர்களுக்குக் கல்யாணம். பாட்டியின் பிறந்த வீட்டில் சீராகக் கொடுத்த பசு அது. பேரன் கேட்டான்: "அவ்வா, அப்படியானால் இது தாத்தா வீட்டு மாடு இல்லையா? உங்கள் வீட்டு மாடா?"

தெலுங்கில் பாட்டியை அவ்வா என்பார்கள். அவ்வா சிரித்தார். தாத்தா வெற்றிலையை மடித்துக்கொண்டிருந்தார்.

குறையையும் எழுத வேண்டும்

கௌரி என்ற பசு பெரியவரின் செல்லம். பார்க்க மிக அழகு. ஆனால் இரண்டு தடவை சினை கலைந்திருக்கிறது. அதை எழுத வேண்டாம் என்றார் பெரியவர். "எழுதினால் யார் வாங்குவார்கள்?"

பாட்டி எழுதினார்.

டாக்டரும் பாட்டி பக்கம்தான் பேசினார். சினை கலைவதற்குப் பல காரணம் உண்டு. புருசெல்லோசிஸ் என்ற தொற்று நோயாலும் கலையும். அது மற்ற மாட்டுக்கும் பரவும். ஈனும்போது கை வைக்கும் மனிதருக்கும் பரவும். பால் வழியாகவும் வரும். அதனால்தான் பாலைக் காய்ச்சிக் குடிக்க வேண்டும், ஈன்ற இடத்தில் கையுறை போட வேண்டும் என்கிறார்கள். எல்லா மாடுகளுக்கும் ரத்தம் எடுத்துப் பரிசோதித்தார்கள். நோய் இல்லை என்று சீட்டு வந்தது. சீட்டை நோட்டில் ஒட்டினார்கள். குறை எழுதியிருக்கிறது, அதன் பக்கத்திலேயே நோய் இல்லை என்ற சீட்டும் இருக்கிறது. இப்போது கௌரியை வாங்குபவர் பயப்படாமல் வாங்கலாம்.

பால் கணக்கு எடுப்பது பேரன் வேலை. மல்லி அப்போது நிறைசினை. இரண்டு மாதத்தில் ஈன்றது. தொழுவத்தில் 14 என்பது 15 ஆயிற்று. மாதத்தில் ஒரு நாள், காலையிலும் மாலையிலும், செம்பை விட்டுவிட்டு லிட்டர் அளவையில் அளந்தான். இரண்டையும் கூட்டினால் ஒரு நாள் பால். அதை 30-ஆல் பெருக்கினால் அந்த மாதப் பால். நீங்களும் போட்டுப் பாருங்கள். மல்லி ஒன்பது மாதம் கறந்தது. ஒவ்வொரு மாதமும் அளந்த நாளில் கிடைத்தது இது: 5, 6, ஐந்தரை, 5, நாலரை, 4, மூன்றரை, 3, 2 லிட்டர். கூட்டினால் முப்பத்தெட்டரை. 30-ஆல் பெருக்கினால் 1155 லிட்டர். கன்று குடித்தது இதில் சேராது. கலப்பின மாட்டோடு ஒப்பிட்டால் இது குறைவுதான். ஓங்கோல் பசுவுக்கு இது நல்ல கணக்கு.

எங்கே விடுவது?

எல்லா மாட்டையும் ஒரே இடத்தில் கொடுக்கக் கூடாது என்பதில் பெரியவர் உறுதியாக இருந்தார். ஒரு நோய் வந்தால் எல்லாம் போய்விடும். வாங்கியவர் மனம் மாறினாலும் எல்லாம் போய்விடும். மூன்று நான்கு இடத்தில் இருந்தால் ஒன்றிலாவது நிற்கும்.

முதலில் வெளியே போனது பொலிகாளை. இதற்கு ஒரு காரணம் உண்டு. எந்த ஊரிலும் ஒரு காளை மூன்று வருடத்துக்கு மேல் நிற்கக் கூடாது. 2022 தொடக்கத்தில் ஒரு காளை வந்தது என்று வையுங்கள். வருடக் கடைசியில் அதன் கன்றுகள் பிறக்கும். 2025 வாக்கில் அந்தப் பெண் கன்றுகள் பருவத்துக்கு வரும். அப்போதும் அதே காளை நின்றால் தகப்பனே மகளுக்குச் சேர்ந்துவிடும். அப்படிப் பிறக்கும் கன்று நோஞ்சானாக இருக்கலாம். சினை பிடிப்பது குறையும். கன்று சாவு கூடும். ஒரு தடவையில் தெரியாது. இரண்டு மூன்று தலைமுறையில் தெரியும். நல்ல மந்தைகள் பல இப்படித்தான் சத்தமில்லாமல் கெட்டுப்போகின்றன. காளையை வேறு ஊருக்கு மாற்றினால் போதும். அங்கே அது புதுக் காளை.

இளங்காளை என்ன ஆயிற்று? டாக்டர் பால் கணக்கை அனுப்பினார். அந்த வருடம் நிலையத்துக்கு வேறு காளைகள் கிடைத்துவிட்டன. எடுக்கவில்லை. பெரியவருக்கு வருத்தம்தான். ஆனால் 20 கிலோமீட்டர் தள்ளி ஓர் ஊர். அங்கே விவசாயிகள் சிலர் பணம் போட்டு ஊருக்குப் பொதுவாக வாங்கினார்கள். நோட்டின் இரண்டு பக்கத்தை நகல் எடுத்து வாங்கிப் போனார்கள்.

கௌரியும் அதன் கன்றும் ஒரு கிடேரியும் பெரிய மகள் வீட்டுக்கு. சொந்த மேய்ச்சல் நிலம் வைத்திருக்கும் விவசாயி ஒருவருக்கு இரண்டு பசுவும் அவற்றின் கன்றுகளும் இன்னொரு கிடேரியும். மல்லியும் கன்றும் பக்கத்து ஊர் இளம் தம்பதிக்கு. அவர்களால் முழுப் பணம் கொடுக்க முடியவில்லை. பாதி கொடுத்தார்கள். மீதிக்குப் பதிலாக மல்லியின் அடுத்த பெண் கன்றைப் பெரியவர் சொல்லும் வீட்டுக்குத் தருவதாக எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். இரண்டு பசுக்கள் சுமாரானவை. அவற்றைச் சுமார் என்று சொல்லியே சந்தை விலைக்கு விற்றார்.

மொத்தத்தில் தரகர் சொன்னதைவிடப் பணம் கூடுதலாக வந்ததா? கொஞ்சம் கூடுதல்தான். ஒரு வருடத் தீவனமும் கூலியும் கழித்தால் ஏறக்குறைய சமம்.

மல்லியை ஓட்டிப் போன அன்று வாங்கியவர்கள் புதுக் கயிறு கொண்டுவந்தார்கள். பெரியவர் பழைய கயிற்றை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டார். அன்று பகல் அவர் சாப்பிடவில்லை. பாட்டி கட்டாயப்படுத்தவும் இல்லை.

கங்க மட்டும் தொழுவத்தில் நிற்கிறது. வயது 14 ஆகிவிட்டது. இனி ஈனாது. அதை யாருக்கும் கொடுக்கவில்லை. ஒரு மாட்டைப் பார்க்க இரண்டு கிழவர்களால் முடியும். ஐதராபாத்துக்கு இப்போது வரவில்லை என்று மகனுக்குச் சொல்லிவிட்டார்கள். பெரியவர் இன்னும் நாலு மணிக்கே எழுந்துவிடுகிறார். ஒரு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் பத்து நிமிடம் போதும். மீதி நேரத்துக்கு என்ன செய்வது என்று அவருக்கு இன்னும் பழகவில்லை.

போன மாதம் இரவு ஒன்பது மணிக்குத் தொலைபேசி அடித்தது. மேய்ச்சல் நிலத்து விவசாயி. அவரிடம் போன கிடேரி முதல் ஈத்து ஈன்றுவிட்டது. பெண் கன்று. தாயும் கன்றும் நலம். நஞ்சு விழுந்துவிட்டது. கன்று எழுந்து சீம்பால் குடித்துவிட்டது.

பெரியவர் கேட்டுக்கொண்டே பாட்டியைப் பார்த்தார். பாட்டி கண்ணாடியைத் தேடினார். நோட்டை எடுத்து ஒரு புதுப் பக்கம் திருப்பினார்.

"மணி எத்தனைக்கு ஈன்றது என்று கேளுங்கள்" என்றார்.